திறக்கும் கூரை, திறக்காத கூரை

என் அத்தான் பாரிஸ் பக்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார்த்திகையில் காரைக்கால் பக்கத்துக் குரும்பகரம் வந்தால் பங்குனி வரை இங்கே இருப்பார். வெயில் ஏறியதும் பிள்ளைகளிடம் திரும்பிவிடுவார். இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாசலில் நிற்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அங்கிருந்தே பழையது ஒன்றைக் கப்பலில் ஏற்றிவிடலாமா என்று முதலில் கேட்டார். வழியில்லை. இந்தியாவுக்குள் வரும் பழைய கார், தயாரித்து மூன்று ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங்கும் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஆகவே இருபத்தைந்து லட்சத்துக்குள் இங்கேயே தேடினோம். கடைசியில் இரண்டு கார்கள் தேறின. கோயம்புத்தூரிலிருந்து ஒரு 2012 ஆடி டிடி கூப்பே, புதுச்சேரியிலிருந்து ஒரு 2011 பிஎம்டபிள்யூ இசட்4. முதலாவதன் கூரை நிலையானது. இரண்டாவதன் கூரை மடிந்து பின்னால் போய்விடும்.

கூப்பே என்ற சொல்லுக்குக் காரைக்காலில் விளக்கம் வேண்டியதில்லை. பிரெஞ்சில் அதற்கு ‘வெட்டப்பட்டது’ என்று பொருள். குதிரை வண்டிக் காலத்தில், பெரிய வண்டியைக் குறுக்கி இரண்டு பேர் உட்காரும்படி செய்த வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. கூரை திறக்கும் வண்டியை அத்தான் ‘கப்ரியோலே’ என்றுதான் சொல்வார்.

தை மாதக் கடைசியில், சம்பா அறுவடை நடக்கும்போது, இரண்டு கார்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. குரும்பகரத்திலிருந்து நெடுங்காடு, காரைக்கால், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் நண்டலாறு தாண்டி தரங்கம்பாடி என்று ஒரே வழியில் இரண்டையும் ஓட்டினேன்.

முதலில் இசட்4. 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 306 குதிரைத்திறன். நீண்ட மூக்குக்குப் பின்னால், ஏறக்குறைய பின்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறோம். பொத்தானை அழுத்திப் பிடித்தால் இரண்டு துண்டு அலுமினியக் கூரை எழுந்து, மடிந்து, டிக்கிக்குள் படுக்க 20 விநாடி ஆகிறது. கூரை எழும்பும்போது தலைக்கு மேல் நல்ல உயரம் வேண்டும். அத்தான் வீட்டுக் கீற்றுக் கொட்டகைக்குள் வைத்துத் திறக்கப் பார்த்தபோது கூரை கீற்றைத் தொட்டுவிடும் போலிருந்தது. உடனே பொத்தானை விட்டுவிட்டோம். திறந்த கார் வாங்குகிறவர் முதலில் தன் வீட்டுக் கொட்டகையின் உயரத்தை அளக்க வேண்டும்.

காலை ஆறே முக்காலுக்குக் கூரையைத் திறந்து கிளம்பினேன். பனி முழுதாக விலகவில்லை. அறுத்த வயலின் ஈர வைக்கோல் வாசனையும் வாய்க்கால் தண்ணீரின் குளிர்ச்சியும் நேராக முகத்துக்கு வந்தன. நண்டலாற்றுப் பாலத்தில் காற்றில் உப்பு ஏறியது தெரிந்தது. நாற்பது வருஷமாகப் போய்வரும் வழிதான். ஆனால் அந்த வழியின் வாசனைகள் இந்த வரிசையில்தான் வருகின்றன என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இதை எந்தக் கூப்பேயும் தராது. ஒன்பது மணிக்குத் திரும்பும்போது உச்சந்தலை சுட்டது. கூரையை மூடிக்கொண்டேன். சித்திரை, வைகாசியில் இந்தக் காரைத் திறந்து ஓட்டக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் கிடைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் இல்லை. அத்தான் இங்கே இருக்கும் ஐந்து மாதத்தில் முதல் ஒன்றரை மாதம் மழைக்குப் போனாலும், தையும் மாசியும் பங்குனியும் திறந்த காருக்கென்றே அமைந்த மாதங்கள்.

அப்புறம் டிடி. 2 லிட்டர் டர்போ, 211 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் குவாட்ரோ. காகிதத்தில் இசட்4-ஐ விடக் கிட்டத்தட்ட நூறு குதிரை குறைவு. ஆனால் நம் ஊர்ச் சாலையில் அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. நெடுங்காட்டுப் பக்கம் தார் பெயர்ந்த இடங்களில் கார் ஒரே துண்டாக நகர்ந்தது. இங்கேதான் கூரையின் இயந்திரவியல் தெரிகிறது. கார் உடம்பை ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டால் கூரை அதன் மூடி. மூடியில்லாத அட்டைப்பெட்டியை இரண்டு கையால் முறுக்கினால் வளையும். மூடி ஒட்டிய பெட்டி வளையாது. முந்தைய தலைமுறை இசட்4 துணிக் கூரையோடும் வந்தது, கூப்பேயாகவும் வந்தது. ஒரு பாகை முறுக்கத் தேவைப்பட்ட முறுக்குவிசை கூப்பேயில் 32,000 நியூட்டன் மீட்டர். திறந்த காரில் 14,500. ஏறக்குறைய ஒரே காரில், கூரை ஒன்றால் மட்டும் வந்த வித்தியாசம் அது. அதை ஈடுகட்ட அடித்தளத்தைப் பலப்படுத்துவார்கள், அதனால் எடை ஏறும்.

பழைய காரில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வாய்க்கால் மதகு ஓரம் மாதிரி மேடான இடத்தில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஏற்றி நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். சமதரையில் மூடியது போலவே மூடினால் உடம்பு உறுதியாக இருக்கிறது. இழுத்துச் சாத்த வேண்டியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். டிடி சத்தமில்லாமல் மூடியது. இசட்4-இன் கதவும் சரியாகத்தான் மூடியது. ஆனால் கூரை மூடியிருக்கும்போது வேகத்தடைகளில் காதுக்குப் பின்னால் ஒரு மெல்லிய கிறீச் சத்தம் கேட்டது. பல வருஷமாக ரப்பர் ஓரங்களுக்கு யாரும் சிலிகான் கிரீஸ் தடவவில்லை என்று பார்த்ததும் தெரிந்தது.

எனக்குப் பெரிய கவலை தண்ணீரைப் பற்றித்தான். திறக்கும் கூரையைச் சுற்றி மழைநீர் வடிய மெல்லிய குழாய்கள் இருக்கும். புங்கம்பூ, வேப்பம்பூ, அறுவடைக் காலத்துப் பதர் எல்லாம் அதில் இறங்கி அடைக்கும். அடைத்தால் தண்ணீர் பின்வாங்கி உள்ளே தேங்கும். முந்தைய இசட்4-இல் கூரையை இயக்கும் மோட்டார் கூரைப் பள்ளத்தின் அடியிலேயே இருந்ததால், வடிகால் அடைத்தால் அது தண்ணீரில் மூழ்கிச் செத்துவிடும் என்பது அந்தக் காரை வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. எந்தத் திறந்த காரை வாங்கினாலும் பத்து நிமிஷம் ஹோஸ் பைப்பால் கூரைமேல் தண்ணீர் விடச் சொல்லுங்கள். பிறகு கால்மிதியைத் தூக்கி அடியில் கைவையுங்கள். ஈரம் இல்லாமல் புழுங்கல் நாற்றம் மட்டும் வந்தாலும், போன மழைக்கு உள்ளே தண்ணீர் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

துணிக் கூரை என்றால் எலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அறுவடை முடிந்ததும் வயல் எலி கொட்டகைக்குத்தான் வரும். அதற்கு வயரும் ஒன்றுதான், துணியும் ஒன்றுதான். பூட்டிய வீட்டில் ஏழு மாதம் நிற்கப்போகும் காருக்குத் துணிக் கூரை வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். உலோகக் கூரை எலிக்குத் தப்பும். ஆனால் அதன் ஹைட்ராலிக் குழாய்களும் சீல்களும் அசைவு இல்லாமல் கிடந்தால் காய்ந்து கசியும். வாரம் ஒருமுறை திறந்து மூடுகிறவர் கையில் அந்தக் கூரை நீண்ட நாள் உழைக்கும்.

இசட்4-இல் ரன்ஃபிளாட் டயர், ஸ்டெப்னி கிடையாது. காற்று இறங்கினாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்குள், சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம் என்பது கணக்கு. குரும்பகரத்திலிருந்து அந்தத் தூரத்தில் சிதம்பரம் போய்ச் சேரலாம், புதுச்சேரி எட்டாது. அந்த அளவு டயர் வழியில் எங்கே கிடைக்கும் என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைக்க வேண்டும்.

சாமான் ஏற்றிப் பார்த்தோம். இசட்4-இல் கூரை மூடியிருந்தால் 310 லிட்டர், திறந்தால் 180. ஒரு சிப்பம் அரிசியும் காய்கறிப் பையும் வைத்ததும் கூரைக்கு இடமில்லை. டிடியில் 290 லிட்டர்தான். ஆனால் பின்கதவு கண்ணாடியோடு முழுதாக மேலே தூக்கும், பின்சீட்டை மடித்தால் 700 லிட்டர். சிப்பம் நான்கும் ஒரு வாழைத்தாரும் ஏறின. அந்தப் பின்சீட்டில் பெரியவர்கள் உட்கார முடியாது, பேரன் உட்காரலாம்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு ஆபத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அறுவடை மாதங்களில் சாலையிலேயே வைக்கோலும் உளுந்துச் செடியும் பரப்பியிருப்பார்கள். தாழ்ந்த காரின் சூடான புகைக்குழாயில் வைக்கோல் சுற்றிக்கொண்டால் தீப்பிடிக்கும். தயவுசெய்து அதன்மேல் ஓட்டாதீர்கள். இறங்கி ஒதுக்கிவிட்டுப் போங்கள், அல்லது திரும்பி வேறு வழியில் போங்கள்.

ஆவணங்களில் இசட்4 சுலபமாகத் தெரிந்தது. அது ஏற்கெனவே புதுச்சேரிப் பதிவு. ஆனால் வரி குறைவு என்பதற்காக வெளிமாநிலத்தவர் இங்கே பதிவுசெய்து வேறெங்கோ ஓட்டிய சொகுசு கார்கள் நிறைய உண்டு. பழைய முகவரியையும் வரி ரசீதையும் சர்வீஸ் நடந்த ஊரையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. டிடிக்குத் தமிழ்நாட்டு அலுவலகத்தில் படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று வாங்கி, காரைக்காலில் பிஒய்-02 எண்ணுக்கு மாற்ற வேண்டும். அலைச்சல்தான். ஆனால் ஒருமுறையோடு முடிந்துவிடும்.

டிடியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. அந்த எஞ்சின் வரிசைக்கு எண்ணெய் குடிக்கும் என்ற பெயர் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஊற்றினார்கள் என்று கேளுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெய் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். உடம்பில் பெரும்பகுதி அலுமினியம், பின்பகுதியில் எஃகு. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இரண்டும் சேரும் இடங்களைக் காரை மேலே தூக்கி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் பார்த்த காரில் அந்த இடங்கள் சுத்தமாக இருந்தன.

வருஷம் முழுக்க ஊரில் இருந்து, தினமும் விடியற்காலையில் ஓட்டப்போகிற ஒருவர் கேட்டிருந்தால் இசட்4 என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தக் காலை ஓட்டம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் அத்தானின் கார் ஏழு மாதம் பூட்டிக் கிடக்கப்போகிறது, அதுவும் வெயிலும் மழையும் கடுமையாக இருக்கும் ஏழு மாதம். அதற்குத் திறக்காத கூரைதான் சரி. டிடி.

அவர் ஒப்புக்கொண்ட பிறகு அக்கா குறுக்கிட்டாள். முழங்கால் வலிக்காரி அவள். இசட்4-இல் கூரை திறந்திருந்தபோது கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்து நின்று, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டிடியில் குனிந்து, தலையைக் காத்துக்கொண்டு, சரிந்து இறங்க வேண்டியிருந்தது. “காரைப் பத்தி இவ்வளவு பேசினீங்களே, நான் எப்படி ஏறுவேன்னு பாத்தீங்களா?” என்று கேட்டாள். நான் பார்க்கவில்லை. அது என் தவறு.

டிடியின் இடது இருக்கையை உச்சம் வரை உயர்த்தி, முழுக்கப் பின்னால் தள்ளினோம். முதலில் உட்கார்ந்துகொண்டு, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொன்னேன். முதல் தடவை அத்தான் கை கொடுத்தார். இரண்டாம் தடவை கதவைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் தடவை அவளாகவே ஏறி, அவளாகவே இறங்கினாள். அதற்குப் பிறகுதான் முன்பணம் கொடுத்தோம்.