இராமடங்காவும் அதன் பொறிப்பும்

வட இந்தியத் திருத்தலங்களுக்குச் சென்று மீள்வோர் கொணர்ந்த உலோக வட்டுகள் சில இன்றும் பூசைப் பெட்டிகளிற் காணப்படுகின்றன. அவற்றின் ஒரு புறத்தில் இராமபிரானும் சீதாபிராட்டியும் அரியணையில் வீற்றிருப்பர், தம்பியர் குடையும் கவரியும் தாங்கி அருகே நிற்பர், அனுமன் அடிபணிந்திருப்பான். மறு புறத்தில் இராமலக்குமணர் வில்லேந்திக் கானகம் செல்லும் கோலம் அமைந்திருக்கும். இவற்றை இராமடங்கா என வழங்குவர். டங்கம் என்னும் வடசொல் காசைக் குறிப்பதாகலின், பெயரே மயக்கத்துக்கு வித்திட்டது. அரசு வெளியிட்டு அங்காடியிற் செலாவணியான காசு வேறு. அடியவர் நினைவுக்கும் வழிபாட்டுக்குமாகக் கொண்ட முத்திரை வேறு. நாணய நூல்களின் ஓரத்தே கிடந்த இப்பொருளுக்கென இர்வின் புரொட்மன் என்பார் 1970 இல் தனியொரு வழிகாட்டி நூலே வெளியிட்டார். எனினும் முத்திரையைக் காசாகக் கொண்டு அதன் எழுத்தைப் படிக்கும் வழக்கம் ஒழிந்தபாடில்லை.

காசிலுள்ள எழுத்து ஆணையைக் கூறும். முத்திரையிலுள்ள எழுத்துத் துதியைக் கூறும். இராமடங்காவின் நாகரி வாசகம் இராமன், இலக்குமணன், சானகி, அனுமன் ஆகியோரின் பெயர்களைச் சேர்த்துச் சயகோஷமிடுவது. அதில் வெளியிட்டோன் பெயருமில்லை, மதிப்புமில்லை. அச்சுச் செதுக்குவோர் முன்னைய வட்டுகளைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியமையால் உயிர்க்குறிகள் உதிர்ந்து, பல வட்டுகளிற் சானகி என்பது ‘ஜனக’ என்றே நிற்கின்றது. எழுத்தை மட்டும் நம்புவோன் அங்கே சீதையின் தந்தையைத் தேடுவான். அரியணையிலோ மகள் வீற்றிருக்கின்றாள்! இங்கு எழுத்துக்கு உருவமே உரையாகின்றது.

உருவத்தையும் எழுத்தையும் ஒருங்கே வைத்து நோக்கும் முறை நமக்குப் புதிதன்று. இடபமும் ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல்லும் பொறித்த காசுகளில் எவ்வரசன் பெயரும் இல்லை. ஆயினும் இடபக்கொடியையும் சேதுவையும் தமக்குரியனவாகக் கொண்ட யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுக்கு அவை உரியன என்பது தெளியப்பட்டது. கொட்றிங்டன் 1924 இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலும் அவ்வாறே கொண்டது. அவை உண்மைக் காசுகள், இராமடங்கா அத்தகையதன்று. ஆயினும் படிக்கும் நெறி ஒன்றே.

ஆண்டெண் இன்னும் வழுக்கலான நிலம். 1740 என்ற எண் பல வட்டுகளில் வருகின்றது. இதனைக் கிறித்தவ ஆண்டெனக் கொள்வாருமுளர். விக்கிரம ஆண்டெனக் கொண்டு 1683 ஐ ஒட்டி வைப்பாருமுளர். வாசகத்தைப் போலவே எண்ணும் பார்த்துச் செதுக்கப்பட்டதாகலின், அது வட்டின் பிறப்பாண்டைக் காட்டும் என்பதற்கு உறுதியில்லை. சீக்கியர் முத்திரைகளிலும் 1804 என்னும் விக்கிரம ஆண்டு இங்ஙனம் திரும்பத் திரும்ப வருதல் நோக்கற்பாலது.

இனி, கிழக்கிந்தியக் கம்பனியின் பெயரையும் 1616, 1717, 1818 முதலிய ஆண்டுகளையும் அரை அணா, ஓர் அணா என்னும் மதிப்பையும் ஆங்கிலத்திற் பொறித்து, மறுபுறத்தில் இராமர் பட்டாபிடேகத்தையோ அனுமனையோ காட்டும் வட்டுகளுக்கு வருவோம். ஓசைநயம் பார்த்துத் தெரிந்தெடுத்தாற் போன்ற இவ்வாண்டுகளே ஐயத்தை எழுப்ப வேண்டும். 1616 இல் கம்பனியார் சகாங்கீர் அவையில் வணிக உரிமை வேண்டி நின்றவர். இராமன் உருவில் அணா அடித்துப் பரப்பும் நிலையினரல்லர். சிலவற்றிற் காணும் ‘யூ. கே.’ என்னும் எழுத்துகள் குறிக்கும் ஐக்கிய இராச்சியமோ 1801 இல் அப்பெயருடன் அமைந்தது. 1818 இல் வங்காளத்துக் கம்பனி ரூபாய்கள் இரண்டாம் சா ஆலம் பெயரிலேயே பாரசீக எழுத்தில் வெளிவந்தன. பொதுவான நாணய முறை 1835 இல் வந்தது; அதன் செப்பு அரை அணா 12.95 கிராம் நிறையுடையது, கம்பனியின் மரபுச் சின்னம் தாங்கியது. ஓர் அணா பொது நாணயமாக வந்தது 1907 இலேயே. அதுவும் செம்பும் நிக்கலும் கலந்த வெண்ணிறக் காசு.

இவற்றை மறுக்கப் புகுந்தோர் சிலர், ‘கம்பனி இந்துத் தெய்வ உருவைப் பொறித்ததேயில்லை’ என்பர். இம்மறுப்பும் பிழையே. சென்னையிற் கம்பனியார் திருமால் உருவம் பொறித்த வராகன்களை அடித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த வெள்ளிக் கால் வராகனில் ஒருபுறம் கோபுரம், மறுபுறம் திருமால்; மதிப்போ ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளிலும் உண்டு. வாங்குவோன் படித்தறியப் பொறித்த எழுத்து அது. போலி வட்டின் பொய்மை தெய்வ உருவிலன்று, அதன் மதிப்பிலும் ஆண்டிலுமே உள்ளது.

இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுச் சச்சரவன்று. தமிழகத்திலும் கேரளத்திலும் இத்தகைய வட்டுகளை அரிசியை ஈர்க்கும் அற்புதக் காசென்றும், இடி விழுந்து இரிடியம் ஏறிய செம்பென்றும் கூறி, வெளிநாட்டார் கோடிக்கணக்கிற் கொடுப்பரென ஆசை காட்டிப் பணம் பறித்தோர் பலர். பட்டாபிடேகக் கோலத்தின் மீது அடியவன் கொண்ட பத்தியே இங்கு தூண்டிற் புழுவாகின்றது. இரும்புத் தூள் ஏற்றிய அரிசியும் மறைத்து வைத்த காந்தமுமே அவ்வற்புதம். நம் வீட்டுப் பானை அரிசியை அவ்வட்டின் அருகே இட்டால், அது இட்ட இடத்திலேயே கிடக்கும்.