கடுகளவு சாந்து என்ன சொல்லும்?

ஜவ்வாது மலை அடிவாரத்துச் சந்தவாசலில் பழைய சுண்ணாம்புச் சுவர் ஒன்றில் விரல் வைத்தால், கடுகளவு சாந்து கையோடு வந்துவிடும். மலையில் விளையும் கடுக்காயை ஊறவைத்து, வெல்லம் கரைத்து, அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பை அரைப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். இந்தச் சுவரிலும் அப்படித்தான் செய்தார்களா? அந்தக் கடுகளவையே கேட்டுப் பார்க்க ஒரு கருவி இருக்கிறது: நுண்ணோக்கியோடு இணைந்த அகச்சிவப்பு நிறமாலைமானி.

அதன் பலம் பெரிது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் 1931-இல் வெளிப்பட்ட பிறகு, சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவற்றின் பூச்சை வேதிச் சோதனைகளால் ஆராய்ந்தார். கரைத்துச் சோதித்த துணுக்கு திரும்பி வராது. இந்தக் கருவியில் அப்படியில்லை. மாதிரி பெரும்பாலும் மிஞ்சும். நாளை இன்னொருவர் சரிபார்க்கலாம். சுண்ணாம்பின் கார்பனேட் 1420, 874 என்ற அலை எண்களில் (செ.மீ.⁻¹) அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிக் காட்டிக்கொடுக்கும். பத்து, இருபது மைக்ரான் அகலத்தில், முடியின் தடிமனைவிடச் சிறிய இடத்தில், பூச்சின் ஒவ்வொரு படலத்தையும் தனியே பார்க்கலாம்.

ஆனால் கடுக்காயைத் தேடும்போதுதான் சிக்கல். பழைய சாந்தில் எஞ்சியிருக்கும் கரிமப்பொருள் மிகக் கொஞ்சம். வெல்லத்தின் சர்க்கரை 1050-ஐ ஒட்டி முகம் காட்டும். மணலும் களிமண்ணும் அதே இடத்தில் பெரிய மேடாக எழுந்து அதை மூடிவிடும். கடுக்காயின் துவர்ப்புச் சத்து காட்டும் 1610-க்குப் பக்கத்திலேயே ஈரத்தின் உறிஞ்சல் முகடு. ஆகவே முகடு தெரியவில்லை என்பதைக் 'கடுக்காய் சேர்க்கவில்லை' என்று எழுதுவது தவறு. அந்த ஒரு வரியை நம்பிச் சிமெண்ட் பூச முடிவெடுத்தால் சுவருக்கே கேடு.

சுவரில் பூசிய காவி இன்னும் வியப்பு. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அந்தச் சிவப்பின் இரும்பு ஆக்சைடு 600-க்குக் கீழேதான் பேசும். இத்தகைய நுண்ணோக்கிகளில் வழக்கமாக இருக்கும் உணரிக்கு 650-ஐ ஒட்டியே பார்வை மங்கிவிடும். காவியோடு கலந்த களிமண் தெரியும், காவி தெரியாது. அதற்கு ராமன் நிறமாலையோ எக்ஸ்-கதிரோ துணைக்கு வர வேண்டும்.

என்னை அதிகம் உறுத்துவது கணினி தரும் 'பொருத்தம்'. அதன் நிறமாலை நூலகத்தில் உள்ளவற்றில் எது நெருக்கமோ அதைத்தான் அது காட்டும். நூலகத்தில் இல்லாத பொருளை இல்லை என்று சொல்லாது. வேலூர் விஐடி ஆய்வாளர்கள் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சாந்தைத் தாங்களே தயாரித்துச் சோதித்தது இதனால்தான் மதிப்புள்ள வேலை. ஜவ்வாதுக் கடுக்காய், வில்வப்பழப் பசை, உள்ளூர்ச் சுண்ணாம்பு ஆகியவற்றின் நிறமாலைகளை நாமே பதிந்து வைக்க வேண்டும்.

ஒரு துகள் முழுச் சுவர் ஆகாது. அடி, நடு, மேல் என்று பல இடங்களில், மழை படாத மூலையையும் சேர்த்து, மாதிரி எடுக்க வேண்டும். சுவரைப் புதுப்பிக்கச் சாரம் கட்டுவதற்கு முன்பே அதை எடுத்து, இடத்தைக் குறித்துப் புட்டியில் போட்டு வைக்க வேண்டும்.