ககன்யான் வான்குடைச் சோதனை - ஒரு மதிப்பீடு

ஆபத்தில் போர் விமானி இருக்கையோடு வெளியே எறியப்படுவது போல, ககன்யானில் வீரர்கள் அமரும் கலமே ராக்கெட்டிலிருந்து பிரித்தெடுக்கப்படும். பழவேற்காடு ஏரியை அடுத்த ஸ்ரீஹரிகோட்டாவில் 2023 அக்டோபர் 21 அன்று இஸ்ரோ இதை ஆளில்லாமல் சோதித்தது. ஏறத்தாழ 17 கி.மீ. உயரம் சென்ற கலம், பத்து வான்குடைகளின் துணையால் கரையிலிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவில் கடலில் இறங்கியது. மூன்று பெரிய குடைகளில் ஒன்று விரியாவிட்டாலும் மற்ற இரண்டு தாங்கும். இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது.

இவை சறுக்கிச் செல்லும் குடைகள் அல்ல, வட்டக் குடைகள். காற்று தள்ளும் பக்கம் போகும். சறுக்குக் குடையைத் திருப்பி இறக்கலாம், ஆனால் அதற்கு ஆளோ கருவியோ வேண்டும். உயிர் காக்கும் வேலைக்கு எளியதே மேல் என்பதால் தேர்வு சரியே. ஆனால் இறங்கும் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க முடியாததால், பரந்த கடற்பரப்பைக் காலியாக வைக்க வேண்டியிருக்கிறது. ஏவுதல் நாட்களில் கடலுக்குப் போகாதீர்கள் என்று பழவேற்காட்டு மீனவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அன்றைய பிடிப்பு போயிற்று. இஸ்ரோவின் செய்திக்குறிப்பில் குடைகளின் கணக்கு உண்டு, இந்தக் கணக்கு இல்லை. அக்டோபர் 21 அன்று காலை 8 மணிக்கு என்றிருந்த ஏவுதல் 10 மணிக்குத்தான் நடந்தது. அதுவரை கடல் மூடியே கிடந்தது.