மிதியுலையும் பொறியுலையும்

சங்கப் பாடல்களில் ‘உலை’ என்னுஞ் சொல்லைக் கண்டவுடன், அதனைத் தாதுவை உருக்கி இரும்பு பிரித்த உலையெனக் கொள்ளும் வழக்கம் ஆராய்ச்சியாளரிடையே உண்டு. இக்கொள்கை மறுஆய்வுக்குரியது. தாதினின்று இரும்பைப் பிரிக்கும் உருக்குலை வேறு. பிரித்த இரும்பைக் காய்ச்சியடித்துக் கருவியாக்கும் கொல்லுலை வேறு.

குறுந்தொகை 172-ஆம் பாட்டு, ஏழூர்களுக்குப் பொதுவாக ஓரூரில் அமைந்த உலையின் துருத்தியை, வருந்தும் நெஞ்சிற்கு உவமையாக்குகிறது. பெரும்பாணாற்றுப்படை, நண்டின் கவைத்த காலுக்கு மிதியுலைக் கொல்லனது கொடிற்றை உவமிக்கிறது. கொடிறு காய்ந்த இரும்பைப் பற்றுங் கருவி. ஏழூர்க்கும் பொதுவான தொழிலோ கருவி செய்தலும் செப்பனிடுதலுமாதல் வேண்டும். எனவே ஈண்டுப் பேசப்படுவது கொல்லுலையே என்பது எம் துணிபு.

கோவில்பட்டிக் கரிசல் நிலத்தை ஆராய்வார்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. மானாவாரி உழவில் தேயுங் கொழுவைத் தட்டித்தரக் கொல்லன் பட்டறை போதும், உருக்குலை வேண்டுவதில்லை. அத் தூத்துக்குடி மாவட்டத்தின் சிவகளையிற் கிடைத்த இரும்பைக் கி.மு. 4-ஆம் ஆயிரமாண்டினதாகக் கணித்து, 2025 சனவரியில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அறிவித்தது. மகிழ்தற்குரிய செய்தியே, எனினும் பொருள் கிடைத்த இடம் அதனை உருக்கிய இடமாகிவிடாது. உருக்குலையை நிறுவக் கசடும் ஊதுகுழாயும் உலைச்சுவரும் வேண்டும். நொய்யற்கரைக் கொடுமணலில் உலைகளே வெளிப்பட்டன. கொல்லன் பட்டறையோ சம்மட்டியடியில் தெறித்த நுண்செதில்களையே மிகுதியும் விட்டுச்செல்லும். காந்தங்கொண்டு மண்ணை ஆராய்ந்தாலன்றி அவை புலப்படா.

மிதிக்குங் காலின் பணியைப் பொறி ஏற்ற நிலைக்குப் பரங்கிப்பேட்டை சான்றாகும். சேலத்துத் தாதுவையும் மரக்கரியையும் நம்பி, ஹீத் என்பார் 1830 அளவில் ஆங்கு இரும்பாலை நிறுவினார். 19-ஆம் நூற்றாண்டிலேயே அது மறைந்தது. அவ்வாலையின் முதலீட்டையும் இழப்பையும் ஆவணங்கள் விரித்துரைக்கும். உலையடியில் நின்று உழைத்தவர் தொழின்முறையை நிலமே உரைத்தல் வேண்டும். சங்கப் பாட்டிலோ நிலைமை மறுதலை: தொழிலாளியின் காலும் கருவியும் தெரிகின்றன, உலை நின்ற இடம் தெரிவதில்லை.

ஆகலின் பாட்டும் ஆவணமும் மண்ணும் தத்தம் எல்லையளவே சான்றாகும். ஒன்றன் குறையை மற்றொன்றன் பெயரால் நிரப்புதல் ஆராய்ச்சியன்று. சொல்லடைவு தொகுப்போர் ‘உலை’யின் இருபொருளையும் பிரித்துக் காட்டுக. கரிசலூர்களில் பட்டறை இருந்த இடத்தைச் சுட்டிக்காட்ட முதியோர் உள்ளபோதே, அவ்விடங்களின் மண்ணை ஆராய்தலும் வேண்டும். அம்மண் பெயர்க்கப்பட்டபின் எவ்வுரையும் அதனை மீட்டுத் தாராது.