ஹியர், ஹிதர், ஹென்ஸ்

இடம் சுட்ட இன்றைய ஆங்கிலப் பேச்சில் ஹியர், தேர், வேர் என்ற மூன்றுதான் மிச்சம். இங்கே, அங்கே, எங்கே. ஷேக்ஸ்பியர் காலத்தில் அது ஒன்பது பேர் கொண்ட குடும்பம். இங்கே இருப்பதற்கு ஹியர், இங்கே வருவதற்கு ஹிதர், இங்கிருந்து கிளம்புவதற்கு ஹென்ஸ். அதே வார்ப்பில் தேர், திதர், தென்ஸ். வேர், விதர், வென்ஸ். அண்மையா, சேய்மையா, வினாவா என்பதை முதலொலி சொல்லிவிடும். நிற்பதா, வருவதா, கிளம்புவதா என்பதை ஈறு சொல்லிவிடும். இ, அ, எ என்று சுட்டும் வினாவும் படித்து வளர்ந்த நமக்கு இந்த ஒழுங்கு உடனே பிடிபடும்.

இவற்றில் என் செல்லம் ஹென்ஸ். 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தின் முதல் சொல்லே அதுதான். வேலை நாளில் தெருவில் திரண்டு நிற்கும் ரோம் நகரத் தொழிலாளிகளை அதிகாரி ஒருவன் விரட்டுகிறான். 'போ' என்ற வினையே அவனுக்குத் தேவைப்படவில்லை. 'இங்கிருந்து' என்பதே கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுகிறது. இடத்திலிருந்து கிளம்புவதைச் சொன்ன சொல், காரணத்திலிருந்து முடிவு கிளம்புவதையும் சொல்லப் போய், 'ஆகவே' ஆனது. இன்று நம் ஊர் விடுப்புக் கடிதங்களில் கைகட்டி நிற்பது அந்த ஹென்ஸ்தான். அதன் பழைய அதட்டல் தெரிந்தால் மேலதிகாரி திடுக்கிடுவார்!

இந்த வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்றும் உண்டு: யான்டர். தொலைவுதான், ஆனால் கண்ணுக்கு எட்டும் தொலைவு. ஜூலியட்டின் சன்னலில் வெளிச்சம் கண்ட ரோமியோ அதைச் சுட்ட எடுப்பது இந்தச் சொல்லைத்தான். வெறும் 'தேர்' அந்த ஏக்கத்தைத் தாங்காது. நம் உகரச் சுட்டைப் போல இதுவும் பொதுவழக்கிலிருந்து நழுவியது. உகரத்தையாவது யாழ்ப்பாணத்தார் 'உது', 'உங்கை' என்று இன்னும் வைத்திருக்கிறார்கள்.

வென்ஸ் என்றாலே 'எங்கிருந்து'. அதன் முன்னால் 'ஃப்ரம்' சேர்ப்பது கூறியது கூறல். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் அதைக் கெட்ட பேச்சு என்றே கடிந்தார். ஆனால் 1611இன் கிங் ஜேம்ஸ் பைபிளில், 121ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்திலேயே 'ஃப்ரம் வென்ஸ்' இருக்கிறது. 'நடு சென்டர்' என்று கூசாமல் பேசும் ஊர்க்காரன் நான். இந்த வழக்கில் என் கட்சி சங்கீதம்தான். அந்த வசனத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், பிறகு 'ஃப்ரம்' இல்லாமல் படியுங்கள். ஜான்சன் தோற்றுப் போவார்.