லாரியும் லோடும் ஒரே கையில்

அமெரிக்காவில் சொந்தமாகச் சரக்கு லாரி ஓட்ட நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. தன் பெயரிலேயே மத்திய அரசின் உரிமம் எடுத்துத் தனித்து ஓட்டலாம். அல்லது உரிமம் உள்ள ஒரு கம்பெனிக்கு லாரியையும் தன் உழைப்பையும் லீசுக்குக் கொடுத்து அதன் பெயரில் ஓட்டலாம். 2022-இல் சரக்கு வாடகை சரிந்ததிலிருந்து இரண்டாவது வழிக்குப் பரிந்து பேசுவோர் பெருகிவிட்டார்கள். பெருந்தொற்றுக் காலத்து வாடகையை நம்பித் தனி உரிமம் எடுத்தவர்களில் பலர் தொழிலை மூட வேண்டியிருந்ததையே அவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். அரசு அமைத்த லீஸ் ஆய்வுக் குழு 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்துக்கு ஒரு பரிந்துரை அளித்தது. ஓட்டுநருக்குத் தவணையில் லாரியைக் கொடுக்கும் கம்பெனியே அதைத் தன் லோடுக்கு லீசில் எடுத்துக்கொள்ளும் திட்டங்களைத் தடைசெய்ய வேண்டும் என்பது அது. அதற்கு வந்த மறுப்பு, வங்கியில் கடன் கிடைக்காத ஓட்டுநருக்குத் திறந்திருக்கும் ஒரே கதவை அடைக்கிறீர்கள் என்பது. கேட்பதற்கு இரக்கமாக இருக்கும் இந்த மறுப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

லீசில் நன்மையே இல்லை என்று சொல்லவில்லை. சட்டப்படி 7,50,000 டாலருக்காவது விபத்துக் காப்பீடு வேண்டும். நடைமுறையில் தரகர்கள் கேட்பது 10 லட்சம். புதிதாக உரிமம் எடுத்தவருக்கு இதன் பிரீமியம் முதல் ஆண்டிலேயே மூச்சை முட்டும். லீசில் அந்தக் காப்பீட்டை எடுத்து வைப்பது கம்பெனியின் பொறுப்பு. டிரெய்லர் கிடைக்கும், டீசலில் தள்ளுபடி கிடைக்கும், மாநிலத்துக்கு மாநிலம் கட்ட வேண்டிய எரிபொருள் வரிக் கணக்கையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும். தனித்து ஓட்டுபவரோ தரகரிடமிருந்து பணம் வர ஒரு மாதத்துக்கு மேலும் காத்திருப்பார். சரக்குக்காரர் கொடுத்ததில் தரகர் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்பதும் அவருக்குத் தெரியாது. அதைக் கேட்டுப் பார்க்கும் உரிமையை மத்திய விதி தருகிறது. தரகர்கள் ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையைக் கைவிட்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். ஆகவே தனி உரிமம் ஒரு சொர்க்கம் அல்ல. கடன் தீர்ந்த சொந்த லாரியோடு ஒரு நல்ல கம்பெனியில் சேர்பவரை நான் குறைசொல்ல மாட்டேன். பிடிக்கவில்லையென்றால் அவர் கதவிலிருக்கும் கம்பெனிப் பெயரை அழித்துவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போகலாம்.

என் நெடுநாள் ஆட்சேபம், லாரி கம்பெனியிடமிருந்தே வருகிற ஏற்பாட்டின் மீது. அங்கே தவணையின் அளவைத் தீர்மானிப்பது கம்பெனி அல்லது அதன் துணை நிறுவனம். அந்தத் தவணையைக் கட்டுவதற்கான வருமானத்தைத் தீர்மானிப்பதும் அதே கம்பெனிதான். எந்த லோடு, எத்தனை மைல், எத்தனை நாள் காத்திருப்பு என்பதெல்லாம் அதன் மேசையில் முடிவாகின்றன. மைல் குறைந்த வாரத்திலும் தவணை குறைவதில்லை. டீசல், காப்பீடு, பராமரிப்பு நிதி, காப்புத்தொகை என்று பிடித்தங்கள் போன பின் மிஞ்சுவதே ஓட்டுநரின் கூலி. சில வாரங்களில் எதுவும் மிஞ்சாது, பாக்கி ஏறும். லோடை மறுக்கும் சுதந்திரம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கலாம். ஒன்றை மறுத்தவர் அடுத்ததற்கு இரண்டு நாள் காத்துக் கிடக்கும்போது அந்தச் சுதந்திரத்தின் விலை தெரிந்துவிடும்.

கடன் தகுதி பார்ப்பதில்லை என்பதைச் சலுகையாக விளம்பரப்படுத்துகிறார்கள். கடன் கொடுப்பவர் வாங்குபவரின் தகுதியைப் பார்க்காமல் கொடுக்கிறார் என்றால், தன் பணத்துக்கு வேறு உத்தரவாதம் வைத்திருக்கிறார் என்றே பொருள். இங்கே உத்தரவாதம் கூலியின் மீதான பிடி. லாரிக்குக் கடன் கொடுத்த வங்கி, வாங்கியவர் தேறிவர வேண்டும் என்று விரும்பும். தவணை நின்றால் அதற்குத் தலைவலி. இந்தக் கம்பெனிக்கு அந்தத் தலைவலி இல்லை. ஓட்டுநர் விழுந்தால் லாரி முற்றத்துக்குத் திரும்பும், கட்டிய தவணையும் பெரும்பாலும் பராமரிப்பு நிதியும் கம்பெனியோடு தங்கும், அடுத்தவர் அதே சாவிக்குக் கையெழுத்துப் போடுவார். லாரி கடைசிவரை யாருக்கும் சொந்தமாகாமலே பலமுறை விற்கப்படும்.

சட்டம் இதைப் பார்க்கவில்லையா? பார்த்தது. 1979-இல் வந்த லீஸ் விதிகள் பல நல்ல காரியங்களைச் செய்தன. ஆவணம் கொடுத்த 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். விகிதாசாரக் கூலியென்றால் சரக்குக் கட்டண ரசீதின் நகலைக் காட்ட வேண்டும். ஒப்பந்தம் முடிந்த 45 நாட்களுக்குள் காப்புத்தொகையைத் திருப்ப வேண்டும். கம்பெனியிடம் எதையும் வாங்க வேண்டும் என்று ஓட்டுநரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் எழுதினார்கள். ஆனால் அதே உட்பிரிவில், அவர் வாங்கினால் தவணையைக் கூலியிலிருந்து பிடித்துக்கொள்ளலாம், ஒப்பந்தத்தில் எழுதினால் போதும் என்றும் சேர்த்துவிட்டார்கள். லாரியின் மீது முழுக் கட்டுப்பாடும் லீஸ் காலத்தில் கம்பெனியுடையது என்கிறது மற்றோர் உட்பிரிவு. சாலையில் விபத்து நடந்தால் கம்பெனி தட்டிக்கழிக்கக் கூடாது என்பதற்காக வந்த விதி அது, நல்ல நோக்கம். இரண்டும் சேரும்போது, கட்டுப்பாடு ஒரு பக்கமும் கடன் மறு பக்கமுமாக நின்றுவிடுகிறது.

இது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2008 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்கள் புகை கக்கும் பழைய லாரிகளைத் தடைசெய்யத் தொடங்கின. புது லாரி வாங்க வழியில்லாத கண்டெய்னர் ஓட்டுநர்களுக்குக் கம்பெனிகளே லாரியைத் தவணையில் கொடுத்தன. ஓட்டுநர்களைக் கம்பெனி ஊழியராக்க வேண்டும் என்று லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகம் போட்ட நிபந்தனையை 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. காற்றைச் சுத்தமாக்கிய செலவு ஓட்டுநர்களின் கூலிச் சீட்டில் ஏறியதை 2017-இல் யுஎஸ்ஏ டுடே நாளிதழ் நீண்ட புலனாய்வில் வெளிக்கொண்டுவந்தது. அவர்களில் மிகப் பலர் லத்தீன் அமெரிக்கக் குடியேறிகள். அந்த ஒப்பந்தங்களைச் சுதந்திரத் தேர்வு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

வழக்கு போட்டாலும் எளிதில்லை. நியூ பிரைம் கம்பெனியிடம் லாரி எடுத்து ஓட்டிய ஒலிவேரா என்பவர், பிடித்தங்கள் போகச் சில வாரங்களில் கூலி பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது என்று 2015-இல் வழக்குத் தொடர்ந்தார். அதை நீதிமன்றம் கேட்கலாமா, ஒப்பந்தப்படி தனியார் நடுவரிடம்தான் போக வேண்டுமா என்பதைத் தீர்க்கவே உச்ச நீதிமன்றம் வரை, 2019 வரை ஆயிற்று. ஓட்டுநர் பக்கமே தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு வழக்கு 2 கோடியே 80 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. ஆனால் கூலி நியாயமா என்ற மூலக் கேள்விக்குத் தீர்ப்பே இல்லை.

சரியாக நடத்தும் கம்பெனிகளும் உண்டு, லாரியை முழுதாகச் சொந்தமாக்கிக்கொண்ட ஓட்டுநர்களும் உண்டு என்பார்கள். இருக்கட்டும். அவர்கள் தேறியது கம்பெனி மனம்வைத்ததால். மனம்வைக்காத கம்பெனியிடம் மாட்டியவருக்கு இந்த ஏற்பாட்டில் எந்தக் காப்பும் இல்லை. தடை வேண்டாம் என்று வாதிடுவோர் மாற்றாக ஒன்றையாவது ஏற்க வேண்டும்: கம்பெனியை விட்டு விலகும் ஓட்டுநர் அதே தவணையோடு, கட்டிய பணம் கணக்கில் இருக்க, லாரியை வேறு கம்பெனிக்கு ஓட்டிச் செல்லும் உரிமை. ஓட்டுநரை முதலாளியாக்குவதே நோக்கம் என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்ப்பதில் நட்டம் எதுவும் வரக் கூடாது.