ஃபேர்வெல் படத்தில் அது யார் புடவை?

பழைய குரூப் போட்டோவில் ஆசிரியர்கள் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார்கள். அவர்கள் காலடியில் சாக்பீஸால் எழுதிய பலகை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருக்கும்: பன்னிரண்டாம் வகுப்பு, ‘அ’ பிரிவு, 1985-86. ஆனால் பின்வரிசையில் பெஞ்சின் மேல் ஏறி நிற்கும் பெண்களின் புடவைகளைப் பார்த்தால் 1972 என்றுதான் சொல்லத் தோன்றும். தாமரை இலை அகலத்துக்குப் பூப்போட்ட நைலெக்ஸ், சாயம் வெளுத்த வாயில், கரை மடிந்து போன பட்டு.

பலகையும் பொய் சொல்லவில்லை, புடவையும் பொய் சொல்லவில்லை. ஃபேர்வெல்லுக்குக் கட்டிய புடவை அநேகமாகக் கட்டியவளுடையது அல்ல. அம்மாவின் பீரோவிலிருந்து வந்தது. இல்லாவிட்டால் சித்தியோ, அத்தையோ, எதிர்வீட்டு அக்காவோ ‘சாயங்காலமே திருப்பிக் கொடுத்துடணும்’ என்று சொல்லிக் கொடுத்தது. ஆகவே பிரிவு உபசார விழாப் படத்தை ரசிக்க நினைப்பவர் முதலில் விட வேண்டியது, ‘அந்தக் காலத்து ஃபேஷன்’ என்ற ஒற்றை எண்ணத்தை. அந்தப் படத்தில் எப்போதும் இரண்டு காலங்கள் இருக்கின்றன. புடவை அம்மாவின் காலம். ஜாக்கெட்தான் மகளின் காலம்.

எனவே கண் போக வேண்டிய முதல் இடம் ஜாக்கெட். அம்மாவின் ஜாக்கெட் பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பொருந்தாது என்பதால், புடவையை இரவல் வாங்கிய வீட்டிலும் ஜாக்கெட்டை மட்டும் புதிதாகத் தைத்தார்கள். மேட்சிங் சென்டருக்குப் புடவையையே எடுத்துப் போய், வெளிச்சத்தில் துணியோடு ஒட்டி வைத்துப் பார்த்து ‘டூ பை டூ’வில் ஒரு பிட் வாங்கி, தையற்காரரிடம் நாலு நாள் அலைவது வழக்கம். அந்த வருடம் தெருவில் எந்தக் கை நடப்பில் இருந்ததோ அதே கைதான் படத்திலும் இருக்கும்: பொம்மிய பஃப் கையா, முழங்கையைத் தொடும் கையா, தோளோடு நிற்கும் குட்டைக் கையா என்று பார்த்தால் பத்தாண்டு பிடிபட்டுவிடும். தைக்க வசதியில்லாத வீட்டுப் பெண்ணையும் படத்தில் கண்டுபிடிக்கலாம். தோள் தையல் கீழே இறங்கியிருக்கும். அக்குள் ஓரம் பிடித்துத் தைத்த மடிப்பு தெரியும். முந்தானையை வழக்கத்துக்கு மேல் இழுத்துப் போர்த்தியிருப்பாள். உள்ளே எத்தனை ஊக்கு குத்தியிருந்தது என்பது அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும்.

ஏன் புடவை என்ற கேள்விக்குப் பாடத்திட்டத்தில் பாதி பதில் இருக்கிறது. 1978 வரை தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பு பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு முடிந்தது, மேலே படிப்பவர்கள் கல்லூரிக்குப் போய் பி.யூ.சி. படித்தார்கள். அந்த ஆண்டு மேல்நிலைக் கல்வி வந்தது. 1980-இல் முதல் பிளஸ் டூ அணி தேர்வு எழுதியது. பள்ளியைவிட்டுப் போகும் வயது ஒரு வருடம் கூடிவிட்டது. அதற்கு முந்தைய எஸ்.எஸ்.எல்.சி. படங்களில் பாவாடை தாவணிதான் அதிகம். தாவணி தினமும் உடுத்துவது என்பதால் விழாவின் அடையாளத்தைப் பாவாடையில் தேட வேண்டும்: அன்றைக்கு மட்டும் பட்டுப் பாவாடை வந்திருக்கும், அதுவும் இரண்டு வருடம் முன்பு தைத்தது என்பதால் கீழே பிரித்துவிட்ட மடிப்பின் கோடு தெரியும். பிளஸ் டூ காலத்தில் தாவணியே பல பள்ளிகளில் சீருடை. சீருடையைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் மிச்சமிருந்த அடுத்த படி புடவைதான். அதனால்தான் அந்தப் பெண்களின் நிற்பில் ஒரு விறைப்பு. வெட்கம் என்று பலரும் சொல்வார்கள். கொசுவம் அவிழ்ந்துவிடுமோ என்ற பயம் என்பதே உண்மைக்குப் பக்கம்.

கொசுவத்தை நன்றாகப் பாருங்கள். ஐந்தரை மீட்டர் புடவை ஒல்லியான பெண்ணின் இடுப்பில் சுற்றும்போது மிச்சம் முழுவதும் முன்புறம் வந்து சேரும். கஞ்சி போட்ட பருத்தியானால் வயிற்றின் முன்னே விசிறியாக விறைத்து நிற்கும். பட்டு கனத்து இறங்கும். நைலெக்ஸும் பாலியெஸ்டரும் உடம்போடு ஒட்டி வழுக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் துணியை அடையாளம் காண நிறத்தைவிட இந்த விழுகைதான் உதவும். ஏனென்றால் அங்கே அரக்கும் பாட்டில் பச்சையும் ஒரே சாம்பல். காஞ்சிபுரம் கோர்வைப் பட்டு மட்டும் ஒளிந்துகொள்ளாது: உடலும் கரையும் தனித்தனி நாடாவில் நெய்து கோக்கப்படுவதால், கரை சட்டென்று வேறு சாம்பலாக வெட்டி நிற்கும். மதுரைச் சுங்குடியும் அப்படித்தான். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடியில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இராது, வரிசையும் கொஞ்சம் தள்ளாடும். புள்ளிகள் அளந்து வைத்தது போலிருந்தால் அச்சுச் சுங்குடி.

வண்ணப் படங்கள் வந்தபிறகு சிக்கல் வேறு மாதிரி. எண்பதுகளின் பிரிண்ட்டுகள் இன்று பெரும்பாலும் செம்பழுப்பாகக் கிடக்கின்றன. ஆல்பத்துக்குள் இருட்டில் கிடந்தாலும், பிரிண்ட்டில் இருக்கும் நீலச்சாயம் மற்றவற்றைவிட முன்னால் மங்கிவிடும், மிஞ்சுவது சிவப்பு. அதை வைத்து ‘எல்லாரும் ஆரஞ்சும் குங்கும நிறமுமாக உடுத்தியிருக்கிறார்கள்’ என்று முடிவுகட்டக் கூடாது. ஆசிரியரின் வெள்ளை வேட்டியையோ பின்னால் நிற்கும் வேப்பமரத்து இலையையோ முதலில் பாருங்கள். வேட்டி ரோஸ் நிறத்தில் தெரிந்தால், அந்த ‘ஆரஞ்சு’ப் புடவை ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து தலை. பள்ளி நாட்களில் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல் கட்டாயம். ஃபேர்வெல்லில் ஒற்றைப் பின்னல். அன்று எடுத்துக்கொண்ட சுதந்திரங்களில் புடவைக்கு நிகரானது இது. படத்தில் ஒரே ஒருத்தி மட்டும் இரட்டைப் பின்னலோடு நின்றால் அவளுக்குப் பின்னால் கண்டிப்பான ஒரு வீடு நிச்சயம் உண்டு. பூவிலும் கணக்கு இருக்கிறது. பொதுத்தேர்வு மார்ச்சில் என்பதால் விழா ஜனவரி, பிப்ரவரியில் வரும். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும். ஆகவே கனகாம்பரம்தான் அதிகம் தெரியும். தோளில் வழிய மல்லிகைச் சரம் வைத்தவள் அன்று செலவு செய்தவள். காதையும் கையையும் விட்டுவிடாதீர்கள். 1985-இல் ‘பூவே பூச்சூடவா’ சினிமா வந்ததும், அதன் நாயகியின் பெயரில் நதியா கம்மல், நதியா வளையல் என்று பெட்டிக்கடை வரை தொங்கின. பீரோவிலிருந்து அம்மாவின் புடவை வரலாம். நதியா கம்மல் வராது. அது மகளே காசு சேர்த்து வாங்கியது.

பையன்களைப் பற்றி இவ்வளவு எழுத முடியாது என்பதே நியாயமான தீர்ப்பு. அறுபதுகளில் கிராமத்துப் பள்ளிப் படங்களில் நாலு முழ வேட்டி, எழுபதுகளில் பெல்பாட்டம். தரையைப் பெருக்கிக்கொண்டு போகும் விளிம்பு நைந்துவிடாமலிருக்க அடியில் ஜிப் வைத்துத் தைத்தார்கள், படத்தில் பாதத்துக்கு மேலே மினுங்கும் கோடு அதுதான். எல்லாருமே கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் பணிவு மட்டுமல்ல. இடது மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும். அங்கே அப்பாவின் எச்.எம்.டி. கடிகாரம். தொண்ணூறுகளில் அது ஓசூர் டைட்டனாக மாறியிருக்கும். பட்டை மட்டும் அப்போதும் மணிக்கட்டுக்குப் பெரிதாகத் தொங்கும். கீழே காலைப் பார்த்தால் படம் இன்னும் கனக்கும்: மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே ரப்பர் செருப்பு, சிலருக்கு அதுவும் இல்லை.

2000-க்குப் பிந்தைய படங்களில் ‘இந்த வருஷம் எல்லாரும் நீலம்’ என்று முடிவு செய்து ஒரே நிறத்தில் நிற்கிறார்கள். ரெடிமேட் சட்டை, ஆன்லைன் புடவை, அளவெடுத்த ஜாக்கெட். பார்க்க அழகு, படிக்க ஒன்றும் இல்லை. இந்தத் தலைமுறையின் உண்மையான ஃபேர்வெல் உடை வேறு எங்கோ மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கடைசி நாளில் நண்பர்கள் ஸ்கெட்ச் பேனாவால் முதுகெல்லாம் கையெழுத்துப் போட்ட சீருடைச் சட்டைதான் அது. இங்க் அடித்த கறை உட்படத் துவைக்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அதை எடுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் யார் எழுதினார்கள், யாருக்கு நெஞ்சுப் பக்கம் இடம் கிடைத்தது என்பதிலேயே ஒரு வகுப்பின் வரைபடம் இருக்கும்.

வீட்டில் இப்படி ஒரு படம் இருந்தால் செய்ய வேண்டியது இரண்டு. பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் அது ஒட்டிக் கிடந்தால், பசை படத்தைத் தின்றுவிடும் முன் பக்குவமாக எடுத்துக் காகித உறையில் வையுங்கள். பிறகு படத்தில் இருப்பவர் உங்களோடு இருக்கும்போதே கேட்டு, பின்புறம் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் புடைத்துத் தெரியும். வகுப்பும் வருடமும் பலகையிலேயே இருக்கிறது. எழுத வேண்டியது, அந்தப் புடவை யாருடையது, ஜாக்கெட்டைத் தைத்தது யார், புடவை இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்பதை.